வாங்கும் குருசும் தளர்ந்த செருப்பும்

முதல் நாள், புதன்கிழமை இரவு

இந்தப் பயணம் எனக்குரியது அல்ல. இன்னொருவனுக்குப் பதிலாக வந்திருக்கிறேன். கொழும்பில் என்னோடு வேலை செய்கிற மச்சானின் அம்மா ஒவ்வொரு செப்டெம்பரிலும் ஆயித்தியமலை சதா சகாய மாதா திருவிழாவுக்குக் கால்நடையாகப் போகிறவர். கூடவே நடப்பது மச்சானின் வேலை. இந்த முறை அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. "நீ சைவக்காரன்தான். ஆனால் உனக்கும் கால் இருக்கிறதே" என்று சொல்லி என்னை ரயில் ஏற்றிவிட்டான்.

நான் கல்லடியில் பிறந்தவன். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய பக்கம் எழுவான்கரை; மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. சூரியன் எழும் கரை, சூரியன் படும் கரை. ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் வானத்தைப் பார்த்தே வைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் படுவான்கரை என்றால் சட்டித் தயிர் வருகிற திசை, அவ்வளவுதான். நாற்பத்தைந்து வயது வரை அங்கே ஒரு இரவு தங்கியதில்லை என்பதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

ரயிலை விட்டு இறங்கியதும் நேரே நகரத்துக் கோட்டை இருக்கும் புளியந்தீவுக்குப் போனேன். கோட்டையைச் சின்ன வயதில் பார்த்தது. 1628இல் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கியது. பத்தே வருடத்தில், 1638இல், ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். இத்தனை குறுகிய காலத்தில் போர்த்துக்கேயர் இங்கே என்ன விட்டுப்போயிருக்க முடியும் என்று மதிலில் சாய்ந்துகொண்டு யோசித்தேன். அதற்கான விடை கிடைக்க இரவாகிவிட்டது.

அருகே புனித மரியாள் பேராலயம். பெரிய கோயில்களைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், நான் நீட்டவில்லை. ஆனால் அந்த முற்றத்தில் நிற்கும் மட்டக்களப்பான் எவனுக்கும் 2005ஆம் ஆண்டு நத்தார் நள்ளிரவுத் திருப்பலி ஞாபகம் வராமல் போகாது. நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டது அந்தப் பூசையில்தான். உள்ளே ஒரு பெண் பூச்சாடிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார். நான் சப்பாத்தைக் கழற்றலாமா வேண்டாமா என்று தடுமாறியதைப் பார்த்து, "போட்டுக்கொண்டே வரலாம் தம்பி" என்றார். கழற்றிவிட்டே போனேன். பழக்கம்.

பிற்பகல் பஸ்ஸில் வலையிறவுப் பாலத்தைக் கடந்தேன். பாலத்தின் இரண்டு பக்கமும் வீச்சு வலைக்காரர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். வவுணதீவு தாண்டியதும் காற்றின் மணம் மாறியது: உப்பு போய் வைக்கோல் வந்தது. சிறுபோக வேளாண்மை வெட்டி முடிந்த வயல் வட்டைகள் இரண்டு பக்கமும் மஞ்சளாகக் கிடந்தன. கச்சான் காற்று ஓயும் காலம்தான், ஆனாலும் வெயில் இன்னும் கோபத்தோடுதான் இருந்தது.

மச்சானின் அம்மாவின், அதாவது மாமியின் ஊர் பிரதான வீதியிலிருந்து உள்ளே. ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. அது மாமியின் கட்டளை. "எழுதினால் நாளைக்கே நாலு வான் பிடித்து வந்து இறங்குவார்கள் மனே. எல்லாருக்கும் தேத்தண்ணீர் ஊற்ற எங்களிடம் சீனி இல்லை."

இரவுச் சாப்பாட்டுக்கு முன் மாமி உள்ளிருந்து அடுக்கடுக்காகச் சொன்னார்: "கதிரையை இழுத்துப் போடு மனே. அலுமாரிக்குள் கோப்பை இருக்கிறது. மேசையில் பாண் இருக்கிறது. சப்பாத்தை விறாந்தையில் வை." அப்போதுதான் உறைத்தது. கதிரை, அலுமாரி, கோப்பை, மேசை, பாண், சப்பாத்து, விறாந்தை என்று ஒரே மூச்சில் ஏழு போர்த்துக்கேயச் சொற்கள். கோட்டையைப் பத்து வருடத்தில் இழந்தவர்கள் இந்த வீட்டுக்குள் நானூறு வருடமாக உட்கார்ந்திருக்கிறார்கள். சைவக்காரியான என் அம்மாவும் இப்படித்தான் பேசுவார்.

இரண்டாம் நாள், வியாழக்கிழமை

கோயிலைக் காலையில் பார்த்தேன். இங்கே கத்தோலிக்கரும் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். தேவாலயம் என்பது கடிதத்தில் எழுதும் சொல்.

முதலில் கோயில் எது என்று தெரியவில்லை. நெல் களஞ்சியம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். இடுப்பளவு சுவர், அதற்கு மேல் சில இடத்தில் ஓட்டைக் கல், சில இடத்தில் வெறும் வெளி, அதற்கு மேல் ஓடு. கோபுரம் இல்லை. முகப்பில் மரக் குருசு, அதாவது சிலுவை ஒன்று, அதுவும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தது. முற்றம் முழுக்க வெள்ளை மணல், அதில் ஈர்க்குமாறு கீறிய வரிகள். பெருக்கியவர் போன பிறகு யாரும் மிதிக்காத மணலை நான்தான் முதலில் மிதித்தேன். குற்றம் செய்தவன் போல இருந்தது.

முற்றத்தில் ஒரு மருத மரம். அதன் கிளையில் ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டு தொங்குகிறது. அதுதான் மணி. பழைய வெண்கல மணி 1990இல் போரால் ஊர் இடம்பெயர்ந்தபோது காணாமல் போய்விட்டதாம். "இதற்கு வெண்கலத்தின் இனிமை இல்லை. ஆனால் இதை யாரும் திருடப் போவதில்லை" என்றார் மூப்பர். கோயிலைக் கவனிக்கும் பொறுப்பாளர், எழுபது வயதைத் தாண்டியவர். கோயில் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கிறது. கதவுக்குச் சாவி இருக்கிறதே தவிர, சுவர் இடுப்பளவுதான் என்பதால் யாரும் தாண்டிக் குதித்து உள்ளே போகலாம். அதை நான் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கும்.

உள்ளே எட்டு வாங்குகள், நீள மர இருக்கைகள். ஒன்றுகூட மற்றொன்றோடு ஒத்துப்போகவில்லை. ஒரு வாங்கில் பள்ளிக்கூடத்து இலக்கம் இருக்கிறது, அதைப் பற்றி நான் கேட்கவில்லை. பீடம் பழைய முதிரைப் பலகை. முகப்பில் திராட்சைக் கொடியும் கதிரும் செதுக்கியிருக்கிறது. நகரத்திலிருந்து வந்த பறங்கியத் தச்சர் ஒருவர் செய்தது என்று மூப்பர் சொன்னார். நம்பலாம். ஐரோப்பிய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் கத்தோலிக்கர். வீட்டுக்குள் இன்னும் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி பேசுகிற குடும்பங்கள் உண்டு. தச்சு வேலையும் கொல்லு வேலையும் அவர்கள் கைத்தொழில். கதிரைப் பார்த்தால் அது கோதுமைக் கதிர் அல்ல. தலை கவிழ்ந்து, மணி தனித்தனியாகத் தொங்குகிற நெற்கதிர். அந்தத் தச்சர் கோதுமையைக் கண்டிருக்க மாட்டார், அல்லது கண்டும் இந்த ஊருக்கு இதுதான் சரி என்று முடிவு செய்திருப்பார். எப்படியானாலும் நான் பார்த்த பீடங்களில் எனக்குப் பிடித்தது இதுதான்.

காலை ஏழரைக்கு வெயில் ஓட்டைக் கல் வழியாகச் சரிந்து உள்ளே வருகிறது. தரையில் சின்னச் சின்ன வெளிச்சச் சதுரங்கள். அரைமணி நேரத்தில் அவை ஒவ்வொரு வாங்காக ஏறி இறங்கி, பீடத்தின் அடியில் போய் முடிகின்றன. ஒரு பசு வெளியே நின்று சுவருக்கு மேலால் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் விரட்டவில்லை.

பீடத்துக்கு மேலே சுரூபம் இல்லை, படம்தான். கண்ணாடிச் சட்டத்துக்குள் சதா சகாய மாதா. பொன் நிறப் பின்னணி, நீல முக்காடு, நெற்றியில் நட்சத்திரம். கடைகளிலும் முச்சக்கர வண்டிகளிலும் ஆயிரம் தடவை பார்த்த படம். ஆயிரம் தடவையும் பார்க்காமல் விட்ட ஒன்றை மூப்பர் விரல் வைத்துக் காட்டினார்.

"காலைப் பாருங்கள்."

குழந்தையின் ஒரு காலில் செருப்பு கழன்று, ஒற்றை வாரில் தொங்குகிறது.

"ஏன் தெரியுமா? மேலே இரண்டு பக்கமும் பாருங்கள். தேவதூதர் மிக்கேல் ஈட்டியும் கடற்பஞ்சும் வைத்திருக்கிறார். கபிரியேல் கையில் குருசும் ஆணியும். பிள்ளை அதைக் கண்டுவிட்டது. பயந்து ஓடிவந்து தாய் மடியில் ஏறிவிட்டது. ஓடிவந்த வேகத்தில் செருப்பு கழன்றுவிட்டது."

பிறகு நெடுநேரம் அந்தப் படத்தையே பார்த்தேன். பிள்ளை தாயைப் பார்க்கவில்லை. திரும்பிக் குருசைப் பார்க்கிறது. இரண்டு கையாலும் தாயின் கையைப் பிடித்திருக்கிறது. தாயோ பிள்ளையைப் பார்க்காமல் நம்மைப் பார்க்கிறாள். மூலப் படம் கிரேத்தாத் தீவின் ஓவிய மரபில் வந்தது. இப்போது ரோமாபுரியில் புனித அல்போன்சு கோயிலில் இருக்கிறது. 1866இல் ஒன்பதாம் பத்திநாதர் அதை இரட்சகர் சபையாரிடம் ஒப்படைத்த பிறகுதான் அச்சுப் பிரதிகள் உலகமெங்கும் போயின. அப்படிப் போனதில் ஒன்று எப்படியோ இந்த வட்டையோரத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

இந்தப் பிரதியின் கீழ்விளிம்பைக் கறையான் தின்றிருக்கிறது. செருப்புக்கு ஒரு விரலளவு கீழே வந்து நின்றுவிட்டது. மாதாவின் அற்புதம் என்று மூப்பர் சொல்வார் என எதிர்பார்த்தேன்.

"மண்ணெண்ணெய் பூசினேன்" என்றார்.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை

நேற்று எழுதியதை மச்சான் படித்துவிட்டு, "கோயிலைப் பற்றி எழுதினாய், ஆட்களைப் பற்றி எழுதவில்லையே" என்று செய்தி அனுப்பியிருக்கிறான். சரி.

பூசை வைக்கும் சுவாமி இங்கே இரண்டு கிழமைக்கு ஒரு முறைதான் வருவார். அவருக்கு இப்படிப் பல கோயில்கள். மற்ற நாட்களில் மூப்பர்தான். காலையில் தண்டவாளத்தில் அடிப்பது, மாலைச் செபமாலையைத் தொடங்குவது, யாராவது இறந்தால் சுவாமி வரும்வரை பிரேதத்தின் அருகில் செபம் சொல்வது, எல்லாம் அவர் பொறுப்பு. குரு இல்லாத கோயில் என்று இதை நினைத்து நான் கொஞ்சம் பரிதாபப்பட்டுவிட்டேன். பேச்சில் அது தெரிந்திருக்க வேண்டும். மூப்பர் பிடித்துக்கொண்டார்.

"ஒல்லாந்தன் காலத்தில் சுவாமிமாரே இல்லை. அப்போது யார் நடத்தினது?"

அவர் சொன்னதில் சரித்திரம் இருக்கிறது. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை. 1687இல் கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாளின் வேடத்தில் வந்து இறங்கும்வரை இலங்கைக் கத்தோலிக்கர் பல பத்தாண்டுகள் குருமாரில்லாமல் இருந்தார்கள். அவரும் அவருக்குப் பின் வந்த கோவாக் குருமாரும் ஊர் ஊராகப் போய் மூப்பர், அண்ணாவியார் என்று பொறுப்பாட்களை வைத்துவிட்டு அடுத்த ஊருக்கு நகர்ந்தார்கள். குரு திரும்பி வர மாதக்கணக்காகலாம், வருடமும் ஆகலாம். செபம் நிற்கக் கூடாது. 2015 ஜனவரியில் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தபோது மூப்பர் பஸ் பிடித்துப் போயிருந்தாராம். "கூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. தொப்பி மட்டும் தெரிந்தது."

பிறகு வந்தது இயேசு சபையாரின் காலம். 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவாகி, 1895இல் பிரெஞ்சு இயேசு சபையார் வந்தார்கள். அடுத்து அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்தார்கள். மட்டக்களப்பு தனி மறைமாவட்டமானது 2012 ஜூலையில்தான். இந்த வருடங்களெல்லாம் மூப்பருக்குத் தேவையில்லை. அவர் காலத்தைச் சுவாமிமார் பெயரால் எண்ணுகிறார். அதில் ஒரு பெயரிடம் வந்ததும் குரல் தாழ்ந்தது: யூஜின் ஹேபியர் அடிகளார். லூசியானாக்காரர், புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்துப் பயிற்றுநர். 1990 ஓகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமல் போனார். கூடப் போன இளைஞரும் திரும்பவில்லை. மூப்பர் அவரைப் பற்றி வேறொன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய் மெழுகுதிரியின் உருகிய எச்சங்களைச் சுரண்டத் தொடங்கினார். அவற்றைச் சேர்த்து உருக்கித் திரும்பத் திரி செய்வார்களாம்.

கூரை இந்தக் கோயிலுக்கு நிலைத்ததில்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் முழுக் கூரையும் போனது. மாமிக்கு அப்போது இருபது வயது. "ஓடு பறவை மாதிரிப் பறந்தது மனே. விடிந்து பார்த்தால் பீடம் மட்டும் நிற்கிறது, வானத்துக்குக் கீழே. அதன் மேல் ஒரு செத்த கொக்கு." அந்த ஞாயிறு மழையில் நனைந்துகொண்டே செபமாலை சொன்னார்களாம். பிறகு தென்னோலைக் கிடுகு, பிறகு தகரம், 1990இல் அதுவும் போய், ஊர் திரும்பிய பின் மறுபடி கிடுகு. 2007 மார்ச்சில் படுவான்கரை முழுவதும் ஒரே மூச்சாக வாவியைக் கடந்து இடம்பெயர்ந்தபோது மூப்பர் படத்தைச் சட்டத்தோடு சாரத் துணியில் சுற்றி நெஞ்சில் கட்டிக்கொண்டு நடந்தார். அகதி முகாமில் கூடாரக் கம்பத்தில் படத்தைத் தொங்கவிட்டு மாலையில் செபமாலை தொடங்கினால், அதுதான் கோயில். இப்போதைய ஓடு அதற்குப் பிறகு வந்தது. கறையானும் முகாமில் வைத்துத்தான் பிடித்ததாம்.

மாலைச் செபமாலைக்கு நானும் போய்ப் பின் வாங்கில் உட்கார்ந்தேன். பதினெட்டுப் பேர், பதினைந்து பேர் பெண்கள். இங்கே ஒரு விநோதம் கேட்டேன். இளையவர்கள் "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்குகிறார்கள். முன் வாங்கில் இருந்த கிழவி ஒருவர் மட்டும் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று அந்தக் காலத்துத் தமிழில் போகிறார். அவருடையது நீளமான வரி. எல்லாரும் "ஆமென்" சொல்லிவிட்டு ஒரு மூச்சுவிடும் நேரம் காத்திருக்கிறார்கள். கிழவி வந்து சேர்ந்ததும் அடுத்த மணிக்குப் போகிறார்கள். யாரும் அவரைத் திருத்தவில்லை, அவசரப்படுத்தவுமில்லை. ஐம்பத்து மூன்று மணிக்கும் ஐம்பத்து மூன்று தடவை காத்திருந்தார்கள். எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலில் அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்திப் பாட்டுப் பாடும்போதும் இப்படி ஒரு கிழவர் பின்தங்கி வருவார். அவர் போன பிறகு பாட்டு வேகமாகிவிட்டது, நன்றாகவும் இல்லை.

கண்ணகி என்றதும் இன்னொன்று: இந்த ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலில் பூசை செய்யும் கட்டாடியார் இன்று காலை மாமி வீட்டுக்கு ஒரு குலை இளநீர் கொண்டுவந்து வைத்தார், நாளை நடக்கிறவர்களுக்காக. வைகாசிச் சடங்குக்கு மாமி வீட்டிலிருந்து அரிசி போகும். "அங்கே ஒரு தாய், இங்கே ஒரு தாய். கோபித்துக்கொள்வார்களா?" என்கிறார் மாமி. இதை மத நல்லிணக்கம் என்று மேடையில் பேசினால் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரும்.

நாளை அதிகாலை இரண்டரைக்குப் புறப்பாடு. சப்பாத்து போடக் கூடாதாம். மாமி என் காலை ஒரு பார்வை பார்த்தார், கொழும்புக் கால் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை.

நான்காம் நாள், சனிக்கிழமை, மரத்தடியிலிருந்து

கொப்புளம் இரண்டு. வலது குதியில் ஒன்று, இடது பெருவிரலுக்குக் கீழே ஒன்று. மற்றதெல்லாம் பிறகு.

இரண்டரைக்குத் தண்டவாளம் ஒலித்தது. கோயிலில் சின்னச் செபம். என் சப்பாத்தைப் பின் வாங்குக்கடியில் தள்ளிவிட்டு மணலில் கால் வைத்தேன், குளிர்ந்தது. முப்பது பேர் இருப்போம். நடக்க முடியாதவர்களும் சமையல் சாமான்களும் உழவு இயந்திரப் பெட்டியில். முன்னால் போகும் இரண்டு இளைஞர்களிடம் யானை வெடி. படுவான்கரையில் இரவு வீதி மனிதருக்கு மட்டும் சொந்தமில்லை. ஓர் இடத்தில் வாய்க்கால் ஓரம் புல் படுத்துக் கிடந்தது, சாணம் இன்னும் ஆவி விட்டது. எல்லாரும் பேச்சை நிறுத்திச் செபத்தைக் கூட்டினோம். நானும்தான்.

இருட்டில் நடந்துகொண்டு மாதா பிரார்த்தனை சொல்வது கோயிலுக்குள் சொல்வது போல அல்ல. ஒருவர் மாதாவின் பெயரொன்றைச் சொல்ல, மற்றவர்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்கிறார்கள். பெயருக்கு ஓர் எட்டு, பதிலுக்கு மூன்று எட்டு. கால் தாளம் பிடித்துக்கொள்கிறது. "விடியற்காலத்து நட்சத்திரமே" என்று வந்தபோது பாதிப் பேர் தங்களை அறியாமல் நிமிர்ந்து மேலே பார்த்தார்கள். வானம் முழுக்க நட்சத்திரம். எது என்று யாரும் தேடவில்லை.

பிரதான வீதியில் ஏறியதும் நகரத்திலிருந்து வரும் கூட்டங்கள் சேர்ந்துகொண்டன. ஒரு வான் வண்டியில் ஒலிபெருக்கி கட்டி, சினிமா மெட்டில் மாதா பாட்டு. எனக்குப் பிடிக்கவில்லை, எங்கள் முப்பது பேரின் செபத்தை அது ஒரு நிமிடத்தில் விழுங்கிவிட்டது. மாமிக்குப் பிடித்திருந்தது. "இளம் பிள்ளைகள் தூங்காமல் நடக்க வேண்டுமே மனே." வழியில் தாகசாந்தி வைத்திருந்த பிள்ளைகள் நெற்றியில் திருநீறோடு நின்று தேசிக்காய்த் தண்ணீர் ஊற்றினார்கள்.

மூன்றாவது மணி நேரத்தில்தான் தார் வீதி தன் வேலையைக் காட்டியது. கல் குத்தவில்லை, தேய்த்தது. மாமிக்கு அறுபது தாண்டிவிட்டது, ஒரே நடையாகப் போய்க்கொண்டிருந்தார். காலைத் தூக்கி வைக்காமல், வரம்பில் நடப்பது போலப் பாதத்தை முழுசாகப் பதித்து நடக்கிறார். நானும் அப்படியே நடந்து பார்த்தேன். வலி குறைந்தது.

விடிந்தபோது ஆயித்தியமலை வந்துவிட்டது. மரங்கள், மணல், மரத்துக்கு மரம் ஒரு குடும்பம். மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டியவர்கள், பாயில் விழுந்து தூங்குகிறவர்கள், காலை வாளித் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு கண் மூடியிருப்பவர்கள். கச்சான் கடலைக் கடைகள், செபமாலைக் கடைகள், வளையல், பிளாஸ்டிக் துப்பாக்கி, வாழைக்குலை. திருவிழாக் கூட்டத்தைப் பற்றி எழுத என்னிடம் புதிதாக ஒன்றுமில்லை. மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்துக்குப் போனவர்களுக்கு இந்தக் கூட்டமும் தெரியும்: ஒரே மணம், ஒரே தொலைந்த பிள்ளை அறிவிப்பு.

வரிசையில் நின்று மாதாவின் படத்துக்கு முன் போய்ச் சேர ஒரு மணி நேரம். எனக்குக் கிடைத்தது கால் நிமிடம். கண் நேரே காலுக்குத்தான் போனது. தொங்கிக்கொண்டிருந்தது, அதே ஒற்றை வாரில். என்னைச் சுற்றி நின்ற நூறு பேரின் காலையும் பார்த்தேன். ஒருவர் காலிலும் செருப்பில்லை. எல்லாரும் ஓடி வந்தவர்கள் போலவே இருந்தார்கள்.

சமைத்துச் சாப்பிட்டு (மரவள்ளிக்கிழங்கு, கட்டைச் சம்பல், கட்டாடியாரின் இளநீர்) மரத்தடியில் படுத்திருந்தபோது, மூன்று நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன்.

"மாமி, என்ன நேர்த்தி?"

நேர்த்திக்கடனைக் கேட்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். மாமி கோபிக்கவில்லை.

"மாட்டுக்கு."

2007இல் ஊரை விட்டு ஓடியபோது மாடுகளை அவிழ்த்துவிட்டுப் போனார்கள். பால் தருகிற மயிலைப் பசு ஒன்று. அது திரும்பி வந்தால் உயிருள்ளவரை நடந்து வருகிறேன் என்று முகாமிலிருந்து நேர்ந்துகொண்டார். ஊர் திரும்பி எட்டாம் நாள் பசு தானாக வந்து கோயில் மருத மரத்தடியில் நின்றதாம், எலும்பும் தோலுமாக. முந்தாநாள் சுவருக்கு மேலால் தலை நீட்டிய பசு அதன் பேத்தி.

"மாட்டுக்கு மட்டுமா?"

மாமி கச்சான் தோலை உரித்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மச்சானுக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்பது எனக்குத் தெரியும். மச்சான் அவனைப் பற்றிப் பேசியதே இல்லை.

"பெரிதாகக் கேட்கப் பயமாக இருந்தது மனே. மாட்டைக் கேட்டேன். மாட்டைத் தந்தா."

பிறகு எழுந்து பாயை உதறினார். மாலையில் வெஸ்பர் ஆராதனை, முன்னால் இடம் பிடிக்க வேண்டுமாம்.

ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை

காலைத் திருவிழாப் பூசை முடிந்து உழவு இயந்திரப் பெட்டியில் திரும்பினோம். போகும்போது மூன்றரை மணி நேரம் நடந்த வீதி, திரும்பும்போது ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. பெட்டிக்குள் எல்லாரும் தூங்கினார்கள். முன் வாங்குக் கிழவி மட்டும் தூங்காமல் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார், தன் தமிழில், தன் வேகத்தில். இப்போது யாருக்காகவும் அவர் ஓட வேண்டியதில்லை.

ஊர் வந்ததும் மூப்பர் கோயிலைத் திறந்தார். இரண்டு நாள் பெருக்காத முற்றத்தில் மாட்டுக் குளம்பும் கோழிக் காலும் காற்று கொண்டுவந்த சருகும். மாமி வீட்டுக்குக்கூடப் போகாமல் ஈர்க்குமாறைத் தேடி எடுத்தார்.

பின் வாங்குக்கடியில் குனிந்து சப்பாத்தை இழுத்தேன். இடது கால் உள்ளே போனது. வலது கால் போகவில்லை. உள்ளே ஏதோ குளிர்ச்சியாக அசைந்தது. தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினேன். ஒரு தேரை தரையில் விழுந்து, கொஞ்ச நேரம் யோசித்து, வெளிச்சச் சதுரங்களைத் தாண்டிப் பீடத்தடிக்குப் போனது.

"அது அங்கேதான் இருக்கும். அதன் வீடு அது" என்றார் மூப்பர், திரும்பிப் பார்க்காமலே.

நான்கு மணிக்கு வவுணதீவில் பஸ். சப்பாத்து கையில்தான் இருக்கிறது. கொப்புளம் இன்னும் உடையவில்லை.